எட்டு நிமிடப் பாதை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கெல்லாம் கோவை ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டேன். உடுமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தேன். கையில் ஒரு பெட்டி, ஒரு துணிப்பை, அதில் நான்கு வேளைக்கான கட்டுச்சோறு. நான் ஏறிய வண்டியை எங்கள் பக்கத்தில் குர்லா எக்ஸ்பிரஸ் என்பார்கள். மூன்றடுக்கு ஏ.சி. டிக்கெட் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். மறுநாள் மதியத்துக்கு மேல் பூனாவில் இறக்கிவிடும். இப்போது எல்லோரும் புனே என்கிறார்கள். என் கணவர் பூனா என்றே சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். துணைக்கு ஆளில்லாமல் ரயிலில் இரவைக் கழிப்பது இதுதான் முதல் முறை. லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'கோயில்' என்று எழுதியிருந்தேன். பூனாவுக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டரில் ரஞ்சன்காவ் என்ற ஊரில் பேர்போன கணபதி கோயில் ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் நான் போனது சாமி கும்பிட இல்லை. அந்த ஊர்த் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் மதில் சுவருக்குப் பின்னால் போகும் மண்பாதை ஒன்றைப் பார்க்கப் போனேன்.

என் கணவர் அந்தப் பாதையைக் கண்டு பயந்தார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

அவர் பெயர் நாச்சிமுத்து. எங்கள் பக்கத்து நூற்பாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் எலெக்ட்ரீசியன். ஆலையை மூடியபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் பராமரிப்பு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. கம்பெனிக்குப் பின்னாலிருக்கும் கிராமத்தில் வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டு தனியாக நான்கு வருடம் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார்.

அங்கே போன மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார்.

"ருக்கு, இங்க கம்பெனிக்கும் ரூமுக்கும் நடுவால ஒரு தடம் இருக்குது. எட்டு நிமிசத்துல போயிரலாம். அதுல ஒரு சிமெண்ட் பைப்பு கெடக்குது. அங்கிருந்து ஒரு நூறு அடி. அந்த எடத்துக்கு வந்தா காலு நின்னுக்குது. நெஞ்சு அடிக்குது, கையெல்லாம் சில்லுனு ஆயிருது. பட்டப்பகல்ல."

"நாய் கீய் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமே இல்ல. அதான் சொல்றேன். ஒண்ணுமே இல்ல அங்க."

நான் பிபி பார்த்தீர்களா என்று கேட்டேன். சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்றேன். பிறகு அவர், "வந்தரட்டுமா?" என்றார். பையன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். "சின்னப் புள்ளையாட்டப் பேசாதீங்க. தடத்தப் பாத்து பயந்துட்டு யாராச்சும் வேலைய உடுவாங்களா?" என்று சொன்னேன். மறுநாள் எங்கள் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கூரியரில் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு கேட்டபோது, "வந்துருச்சு, தேவலை" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

வேலையை விட்டு வந்து எங்களோடு இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தார். போன ஆடி மாதம் இருதயத்தில் அடைப்பு வந்து இறந்தார். அதற்கும் அந்தப் பாதைக்கும் சம்பந்தமில்லை. இருப்பதாக நான் சொல்லவும் வரவில்லை. மாசி மாதத்தில் ஒரு நாள் அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது அடியில் அந்தக் கூரியர் உறை கிடைத்தது. மாத்திரை அட்டைகள் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட அவர் பிரிக்கவில்லை.

அன்று இரவே ரயிலுக்கு முன்பதிவு செய்தேன்.

ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பெண் இருந்தாள். ஹிஞ்சேவாடியில் ஐ.டி. கம்பெனியில் வேலையாம். சிங்காநல்லூர்க்காரி. சேலம் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தாள்.

"பையனப் பாக்கப் போறீங்களா ஆன்ட்டி?"

"இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் அங்க வேலை பாத்தாரு."

'பாத்தாரு' என்றதை அவள் கவனிக்கவில்லை. "ஸ்டேஷன்ல ஆட்டோக்காரங்க அதிகமாக் கேப்பாங்க, மீட்டர் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே மண் கறுத்திருந்தது. சோலாப்பூரில் வண்டி நின்றபோது பன்னிரண்டு ரூபாய்க்கு டீ வாங்கினேன். இஞ்சி தூக்கலாக இருந்தது. இந்த வழியை அவர் நான்கு வருடத்தில் போகவும் வரவுமாக முப்பது தடவையாவது கடந்திருப்பார். ஒரு தடவைகூட வழியில் என்ன தெரியும் என்று நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பூனாவில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் ஒற்றைக் கட்டில் அறை, நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். பூனாவுக்குப் போகிறவர்கள் கோட்டை பார்ப்பார்கள், மியூசியம் பார்ப்பார்கள் என்று அங்கே சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவற்றில் எதையும் நான் பார்க்கவில்லை.

இரவு ஏழரை மணிக்கு முருகேஷ் வந்தார். என் கணவருக்குக் கீழே வேலை பார்த்தவர், நாற்பது வயதிருக்கும். தாத்தா காலத்திலேயே ஆரணியிலிருந்து வந்த குடும்பம். அப்பா கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். முருகேஷ் இன்னும் கட்கியில்தான் இருக்கிறார். என் கணவர் இறந்த செய்தி கேட்டுப் போன் செய்து அழுத ஒரே பூனாக்காரர் அவர்.

"நீங்க ஏன் அக்கா லாட்ஜ்ல எறங்கினீங்க? நம்ம கர் இருக்கு இல்ல? வொய்ஃப் கோச்சிக்கிறா" என்றார். அவர் தமிழில் இந்தி கலந்திருக்கும், கர் என்றால் வீடு. சப்பாத்தியும் கத்திரிக்காய் பாஜியும் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சார் அப்படி ஒண்ணும் சொன்னதே இல்லையே அக்கா. ஷாந்த்தா இருப்பாரு. கம்பெனி பஸ் எனக்கு மூணே முக்காலுக்கு, சார் நடந்துதான் போவாரு. எந்த ரஸ்தால போவாருன்னு எனக்கு மாலும் இல்ல." பிறகு, "நாளைக்கு நான் சுட்டி, லீவு போடறேன். சேர்ந்து போலாம்" என்றார்.

செவ்வாய் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். லாட்ஜிலிருந்து வாக்டேவாடி பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் எழுபது ரூபாய். அங்கிருந்து நகர் என்ற ஊருக்குப் போகும் அரசுப் பேருந்து. மகாராஷ்டிராவில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். எனக்கு நாற்பத்தைந்து ரூபாய், முருகேஷுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. வாகோலி என்ற இடத்தில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றோம். லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு நின்றன. யாரும் கோபப்படவில்லை. தினமும் இப்படித்தான் என்றார் முருகேஷ். அதைத் தாண்டியதும் மரமில்லாத சமவெளி. சிக்ராபூர் வரை கிடங்குகள், விளம்பரப் பலகைகள், நடுநடுவே கரும்பு. பத்தேகாலுக்கு இறங்கினோம்.

அந்தக் கிராமத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒரு காரணமும் இல்லாமல் அந்த ஊருக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது.

முதலில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முருகேஷ் அவரை காக்கூ என்று அழைத்தார். அத்தை சித்தி போல மரியாதையான சொல் அது. எனக்கு மராத்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் யார் என்று முருகேஷ் சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. வெங்காயம் போட்ட அவலும் டீயும் கொடுத்தார். பின்கட்டில் வரிசையாக இருந்த ஆறு அறைகளில் நான்காவது என் கணவருடையது. இப்போது அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு கட்டில், கொடியில் ஈரத் துண்டு, சுவரில் ஏதோ உரக் கம்பெனி காலண்டர். அவர் இருந்ததற்கு அடையாளமாக எதையும் நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனாலும் நான்கு சுவரையும் தேடினேன்.

காக்கூ நிறையப் பேசினார். முருகேஷ் அவ்வப்போது நிறுத்திச் சொன்னார்.

"சார் ரொம்ப பக்தி ஆளுன்னு சொல்றாங்க அக்கா. கம்பெனி மூணரைக்கு விட்டா இவங்க எல்லாம் நாலு மணிக்கு முன்ன வந்துருவாங்களாம். சார் மட்டும் நாலேகாலுக்குத்தான் வருவாராம். ரோடு பக்கம் மாருதி மந்திர் இருக்கு, அங்க ஒக்காந்து பூஜை பண்ணிட்டு வராருன்னு. காக்கூ பசங்ககிட்ட சொல்வாங்களாம், அந்த மதராசி அங்கிளப் பாருங்கடான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோயிலுக்குப் போனால் என் கணவர் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருப்பார். அவ்வளவுதான் அவர் பக்தி. நெடுஞ்சாலை வழியாகக் கோயிலைச் சுற்றி ஊருக்குள் வந்தால் இரண்டரை கிலோமீட்டர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எட்டு நிமிடத்தில் வர வேண்டியவர் தினமும் முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறார்.

அந்தப் பாதையில் எப்போதாவது ஏதாவது நடந்ததா என்று கேட்கச் சொன்னேன். காக்கூவின் முகம் மாறியது. முருகேஷ் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தார்.

"அந்த நிலம் அவங்களுது தானாம். அவங்க மாமனார் காலத்துல இருந்து. பாம்பு கடிச்சுக் கூட யாரும் சாகலையாம். யார் என்ன சொன்னாங்கன்னு கேக்கறாங்க."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். முந்தானையைச் செருகிக்கொண்டு, வா பார், என்று கை காட்டி எங்களை அழைத்துப் போனார்.

பதினொன்றரை மணிக்கு அங்கே நின்றேன்.

ஒரு பக்கம் கம்பெனியின் மதில் சுவர். ஹாலோ பிளாக் கல், மேலே முள்கம்பி. மறுபக்கம் வெங்காய வயல். அவர் காலத்தில் கரும்பு இருந்ததாம். சிமெண்ட் குழாய் இன்னும் கிடந்தது. சாக்கடைக்காகக் கொண்டுவந்து பதிக்காமல் விட்டது, இடுப்பு உயரம். அதற்கப்பால் ஒரு வேலமரம். மரத்தடியில் பீடித் துண்டுகளும் குட்கா உறைகளும். நிழல் பாதையில் விழவில்லை. பாதை நன்றாக மிதிபட்டு மாவு போல இருந்தது. இவ்வளவுதான். ஒரு புகைப்படம் எடுத்து உங்களுக்குக் காட்டினால், எதற்கு இதை எடுத்தாய் என்று கேட்பீர்கள்.

காக்கூ வயலில் ஏதோ வேலையைப் பார்க்கப் போனார். முருகேஷ் குழாயிலிருந்து நூறு அடி நடந்து, திரும்பி வந்தார்.

"குச் நஹி அக்கா. ஒண்ணும் இல்ல."

"நீங்க டீ குடிச்சுட்டு வாங்க தம்பி. நான் செத்த நேரம் நிக்கறேன்."

அரை மணி நேரம் நின்றேன். முதலில் குழாய் பக்கம், பிறகு மரத்தடியில், பிறகு இரண்டுக்கும் நடுவே. கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு பெண் நான்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள், கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். சுவருக்குள் ஏதோ இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நாடியைப் பிடித்துக் கணக்குப் பார்த்தேன். எழுபத்தெட்டு. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அதுதான்.

பயந்துபோவேன் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. அந்த இடத்தில் என் கால் நின்றுவிடும், நெஞ்சு அடிக்கும், அவர் சொன்னது உண்மை என்று என் உடம்புக்குத் தெரிந்துவிடும். அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது. அது நடக்கவில்லை. வெயில் சுட்டது, தாகம் எடுத்தது, முழங்கால் வலித்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் போனில் நான் சொன்னதுதான் சரி. சரியாக இருந்து எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

திரும்பி வந்த முருகேஷ், "ஒருவேள சார் டென்ஷன்ல இருந்திருப்பாரு. வீடு, பையன் படிப்பு..." என்று ஆரம்பித்தார்.

"அதத்தானுங்க தம்பி நானும் சொன்னேன்" என்றேன்.

கிளம்பும்போது காக்கூ ஏதோ கேட்டார். முருகேஷ் பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சாரோட தினமும் ஒரு வாட்ச்மேன் வருவாராம். அவரப் பாத்தீங்களான்னு கேக்கறாங்க. சுதாம்னு, ஒடிசாக்காரரு. இப்ப பின் கேட்ல வேல பாக்கறாரு. இன்னிக்கு அவருக்கு ஹாலிடே, எங்கயோ வெளிய போயிருக்காராம். நாளைக்கு மூணரைக்கு டூட்டி முடியும்."

"அவரும் அந்தச் சுத்து வழியிலயா வந்தாரு?"

"ரெண்டு பேரும் சேந்துதான் வருவாங்களாம். தினமும்."

அன்று இரவு லாட்ஜில் மகன் போன் செய்தான். சென்னையில் வேலை பார்க்கிறான். "கோயில் நல்லாருந்துச்சாம்மா?" என்றான். கூட்டமில்லை, நல்ல தரிசனம் என்றேன். போனை வைத்த பிறகு மிச்சமிருந்த முருகேஷ் வீட்டுச் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கீழே ஆட்டோக்காரர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. நான்கு வருடம் அவரைச் சுற்றி இந்தச் சத்தம்தான் இருந்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் நான் பேசியிருப்பேன். அதிலும் பாதி நேரம், சாப்பிட்டீர்களா, பையனுக்குப் பணம் கட்டியாச்சா.

புதன்கிழமை முருகேஷுக்கு வேலை. தனியாகப் போனேன். அதே பஸ், அதே நாற்பத்தைந்து ரூபாய், வாகோலியில் அன்று முக்கால் மணி நேரம்தான். மூன்றேகாலுக்குக் கம்பெனியின் பின் கேட்டில் நின்றேன். மூன்றரைக்குச் சுதாம் வெளியே வந்தார். முருகேஷ் சொல்லி வைத்திருந்ததால் நேராக என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, யூனிபார்ம் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கோடு போட்ட சட்டையில் இருந்தார்.

"நீங்க சார் வீட்டு அம்மாவா?"

தமிழில் கேட்டார். நான் திகைத்துப்போனேன்.

"நான் திருப்பூர் அஞ்சு வருசம் இருந்தேன் அம்மா. பனியன் கம்பெனி. அப்புறம் இங்க வந்தேன். சார் என்கூட தமிழ்தான் பேசும்."

சார் இறந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டார், சொன்னேன். பிறகு, நீங்கள் இருவரும் நடக்கும் வழியில் என்னையும் கூட்டிப் போங்கள் என்றேன். அவர் மறு பேச்சில்லாமல் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பினார்.

சுற்று வழி அழகான வழி ஒன்றும் இல்லை. ஒரு கிலோமீட்டர் வரை நெடுஞ்சாலை ஓரம், லாரிகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போகின்றன. பிறகு இடது பக்கம் திரும்பினால் பஞ்சர் கடை, எடைபோடும் மேடை, மாருதி கோயில், அப்புறம் இரண்டு பக்கமும் வயல். சுதாம் என்னை உள்பக்கம் விட்டு, தான் வண்டிகள் வரும் பக்கம் நடந்தார்.

"அவர் உங்ககிட்ட என்ன சொன்னாருங்க?"

"ஒரு நாள் டூட்டி முடிஞ்சு சார் கேட்லயே நிக்குது. போகல. நான் கேட்டேன், ஏன் சார் போகல, ரூம் பக்கத்துலதான இருக்கு. சார் சொன்னாரு, சுதாம், அந்த ரோடு எனக்கு பயமா இருக்கு. ஏன்னு தெரியல. அப்போ நான் சொன்னேன், எனக்கும் பயம் சார். நாம ரெண்டு பேரும் இந்தப் பக்கம் போலாம்."

எனக்கு நடை நின்றுவிட்டது. மூன்று நாளாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அலைந்திருக்கிறேன். இன்னொரு ஆளுக்கும் அங்கே அப்படி இருந்திருக்கிறது.

"உங்களுக்கு அங்க என்ன செஞ்சுதுங்க?"

சுதாம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல அம்மா. நைட் டூட்டில நான் அந்த ரோட்லதான் ரவுண்ட் போவேன். டார்ச் எடுத்து, தனியா. பயம் இல்ல."

"பின்ன எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"சார் தனியா நின்னாரு அம்மா."

ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும் வரை நின்றோம்.

"எத்தனை நாள் இப்படி நடந்தீங்க?"

"சார் ஊருக்குப் போற வரைக்கும். மூணு வருசத்துக்கு மேல. எனக்கு நைட் டூட்டி வந்தா, பகல்ல தூங்கி எழுந்து மூணரைக்கு கேட்டுக்கு வருவேன்."

"உங்களுக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்."

"ரூம்ல யாரு இருக்கா அம்மா? வொய்ஃப், பொண்ணு எல்லாம் ஊர்ல. ரூம் போனா சுவரு பாத்து படுக்கணும். நடந்தா பேச்சு இருக்கு." கொஞ்ச தூரம் போய், "சார்க்கு தெரியும்னு நினைக்கறேன்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எனக்கு பயம் இல்லன்னு. ரவுண்ட் ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கும், எந்த டைம், எந்த இடம்னு. ஒரு நாள் செக்யூரிட்டி ரூம்ல ஃபேன் ரிப்பேருக்கு சார் வந்தாரு. ரிஜிஸ்டர் தொறந்து இருந்துச்சு. படிச்சாரு. என்னைப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. மூணரைக்கு வந்தாரு, போலாமா சுதாம்னு சொன்னாரு. நடந்தோம்."

கோயிலைக் கடந்தோம். பூட்டியிருந்தது. வாசல் திண்டில் ஒரு நாய் படுத்திருந்தது.

நான் அனுப்பிய மாத்திரையைப் பற்றிச் சொன்னாரா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சொன்னாரு. என் வீட்ல டாக்டர் மாதிரி, இருட்டுல தொட்டுப் பாத்தே என்ன மாத்திரைன்னு சொல்லும்னு பெருமை பேசுவாரு. மாத்திரை சாப்பிட்டீங்களா சார்னு நான் கேட்டேன். அது தூக்கத்துக்கு சுதாம், எனக்கு தூக்கம் நல்லா வருதுன்னு சொன்னாரு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க மேல கோவம் இல்ல அம்மா. ஒரு நாளும் இல்ல" என்றார்.

கண்ணில் மண் விழுந்தது போல முந்தானையால் துடைத்துக்கொண்டேன். விழவும் விழுந்திருக்கலாம், லாரிகள் அப்படி.

நாலேகாலுக்கு ஊருக்குள் வந்தோம். சுதாமின் அறை அந்தத் தெருக்கோடியில். சோறும் பருப்பும் வைத்துத் தருகிறேன், சாப்பிட்டுப் போங்கள் என்றார். அரை மணியில் பஸ், அதை விட்டால் பூனா போய்ச் சேர இருட்டிவிடும் என்றேன். மறுநாள் எனக்கு ஊருக்கு ரயில். பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரோடு வரைக்கும் நான் வரட்டுமா அம்மா?"

"வேண்டாங்க. காலையில இருந்து நின்ன கால். போய் உட்காருங்க."

நெடுஞ்சாலைக்குப் போக எனக்கு இரண்டு வழி இருந்தது. வந்த வழியே சுற்றிப் போகலாம். அல்லது மதில் சுவர் வழி. தெரு முனையில் ஒரு நிமிடம் நின்றேன். அவர் நடந்த வழியிலேயே திரும்பிப் போகலாம் என்று மனது சொன்னது. அப்படிச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கும் அது பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் எனக்குப் பயமில்லை. சுதாமுக்கும் பயமில்லைதான். அவர் சுற்றி நடந்தது பக்கத்தில் ஒரு ஆள் நடந்ததால். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இங்கேயும் ஆஸ்பத்திரியில் ஸ்டோர் ரூம் பக்கம் போனால் எனக்கு அப்படித்தானுங்க இருக்குது என்று ஒரு வரி. அதற்கு மருந்தாளுநர் படிப்பு வேண்டியதில்லை. இனிமேல் நான் எவ்வளவு தூரம் சுற்றி நடந்தாலும் அந்த வரி அவருக்குப் போய்ச் சேராது. பொய் சொல்வதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

மதில் சுவர் வழியே போனேன். வெங்காய வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. காக்கூ தூரத்திலிருந்து பார்த்துக் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். வேலமரம் வந்தது, குழாய் வந்தது. நான் நிற்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. எட்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஏழுதான்.

உடுமலையில் என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிட நடை. முப்பது வருடமாகப் போகிறேன். அந்த வழியில் யார் யார் எந்த முனையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்தேன். கண்டக்டர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு விரலை உயர்த்தி மராத்தியில் ஏதோ கேட்டார். ஒரு டிக்கெட்டா என்று கேட்கிறார் என்று புரிந்தது. ஆமாம் என்று நானும் ஒரு விரலைக் காட்டினேன்.